தாயில்பட்டியில் சரீர சாஸ்திரம்

'மருந்து' என்ற சொல்லைக் கேட்டதும் நோய் தீர்க்கும் பொருள் என்றே நம்மில் பெரும்பாலோர் அர்த்தம் செய்துகொள்வோம். சிவகாசியிலிருந்து வெம்பக்கோட்டைப் பக்கம் போனால் அந்த அர்த்தம் மாறிவிடுகிறது. அங்கே மருந்து என்றால் வெடியுப்பும், கந்தகமும், கரியும், அலுமினியத் தூளும் சேர்ந்த கலவை. மருந்து கலக்கிறவர் ஒருவர். குழாயில் மருந்து செலுத்துகிறவர் இன்னொருவர். அந்த மருந்து ஒருவரையும் பிழைக்க வைத்ததில்லை. ஆனால் ஊரே அதனால்தான் பிழைக்கிறது.

விருதுநகர் ஜில்லாவைச் சேர்ந்த தாயில்பட்டி அப்படிப்பட்ட ஊர்களில் ஒன்று. கரிசல் பூமி, வானம் பார்த்த விவசாயம். மழை பொய்த்த வருஷங்களில் ஜனங்களுக்குச் சோறு போட்டவை தீப்பெட்டித் தொழிலும் பட்டாசுத் தொழிலுமே. பாரத தேசம் முழுவதும் தீபாவளி இரவில் வானத்தைப் பார்த்துக் கைகொட்டிச் சிரிக்கிறதே, அந்தச் சிரிப்பின் பெரும் பகுதி இந்தக் கரிசல் காட்டில் உற்பத்தியாகிறது. அதற்குக் கொடுக்கும் விலையும் இங்கேதான் கொடுக்கப்படுகிறது. 2012-ஆம் ஆண்டு செப்டம்பர் 5-ஆம் தேதி சிவகாசிக்கு அருகே முதலிப்பட்டியில் நேர்ந்த விபத்தில் முப்பது பேருக்கு மேல் மாண்டார்கள். 2021-ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் தாயில்பட்டியிலேயே ஒரு வீட்டில் வெடி விபத்து நேர்ந்து உயிர்கள் போயின. அந்தத் தேதிகளை இவ்வூரார் யாரும் பஞ்சாங்கம் பார்த்துச் சொல்வதில்லை.

இவ்வூரில் ஒரு வீட்டுத் திண்ணையில் நாம் சந்தித்த பெண்ணைப் பற்றியே இந்தக் கட்டுரை. பிளஸ் டூ பரீட்சையில் தேறி, செவிலியர் கல்லூரியில் இடமும் கிடைத்துவிட்டது. தாயார் பட்டாசு ஆலைக்குப் போய்வருகிறவர். மடியிலே கனத்த ஆங்கிலப் புத்தகம் ஒன்று. முகத்திலே அதைவிடக் கனத்த கவலை.

"இருநூத்தியாறு எலும்பு இருக்காம், அண்ணாச்சி. அம்புட்டுக்கும் இங்கிலீஷ்லயே பேர் சொல்லணுமாம். பள்ளிக்கூடத்துல எல்லாத்தையும் தமிழ்லயே படிச்சிட்டேன். இப்ப ஒண்ணுமே ஓட மாட்டேங்குது" என்றாள்.

பாட்டி உள்ளேயிருந்து, "எலும்பை எண்ணிக்கிட்டு இருந்தா நோயாளிக்கு யாரு கஞ்சி ஊத்துறது?" என்று கேட்டாள்.

கேள்விகள் இரண்டும் நியாயமானவை. பாட்டியின் கேள்விக்கு முதலில் விடை சொல்ல முயல்வோம். அந்த விடை கிடைத்துவிட்டால் பேத்தியின் கவலை பாதி தீர்ந்துவிடும்.

வீடும் குடித்தனமும்

செவிலியர் பட்டப் படிப்பு நான்கு வருஷம். இந்திய நர்ஸிங் கவுன்ஸில் 2021-ஆம் ஆண்டில் வகுத்த பாடத்திட்டத்தின்படி, முதல் அரையாண்டிலேயே உடற்கூறு இயலுக்கு 60 மணி நேரமும் உடலியங்கியலுக்கு 60 மணி நேரமும் ஒதுக்கப்பட்டிருக்கின்றன. ஊசி போடவும் புண் கட்டவும் தேர்ச்சி பெறுவதற்கு முன்பே இந்த இரண்டு வாசல்களையும் கடந்தாக வேண்டும்.

இரண்டுக்கும் என்ன வித்தியாசம்? ஒரு வீட்டை எடுத்துக்கொள்ளுங்கள். கூடம் எங்கே, அடுக்களை எங்கே, கிணறு எங்கே, எந்தச் சுவருக்கு அப்பால் எந்த அறை என்று அறிவது உடற்கூறு. அடுக்களையில் எப்போது உலை ஏறுகிறது, கிணற்று நீர் எந்த வழியாக வந்து எந்தச் சாக்கடையில் போகிறது, ஒருவர் படுத்துக்கொண்டால் அவருடைய வேலையை யார் செய்கிறார்கள் என்று அறிவது உடலியங்கியல். முன்னது வீடு, பின்னது குடித்தனம். வீட்டின் அமைப்புத் தெரியாதவள் இருட்டில் விளக்கைத் தேடித் தடுமாறுவாள். குடித்தனம் தெரியாதவள் விளக்கு கையிலிருந்தும் என்ன செய்வதென்று அறியாமல் நிற்பாள்.

சாதாரணமாக எல்லோரும் அறிந்த ஒரு காரியத்தைச் சொல்வோம். இடுப்புக்குக் கீழே ஊசி போடுவது உண்டல்லவா? அந்தச் சதைக்குள்ளே, நம் தேகத்திலேயே மிகவும் தடித்த நரம்பு ஒன்று காலை நோக்கி இறங்குகிறது. ஊசி அதன்மேல் பட்டுவிட்டால் நோயாளியின் பாதம் தொங்கிப்போய், நடக்கும்போது தரையில் இழுபடக்கூடும். ஆகையால்தான் அந்தச் சதையை மனத்தினால் நான்கு பங்காகப் பிரித்து, மேற்புற வெளிப் பங்கில் மாத்திரம் ஊசி போடவேண்டும் என்று கற்பிக்கிறார்கள். இடுப்பின் பக்கவாட்டில் போடுவது அதைவிடப் பத்திரம் என்பது இக்கால அபிப்பிராயம். அரை அங்குல இடம் மாறினால் ஒருவருடைய நடையே மாறிவிடும். கஞ்சி ஊற்றுகிற கைக்கு இந்த அறிவும் வேண்டும் என்பதைப் பாட்டியும் ஒப்புக்கொள்வாள் என்று நம்புகிறோம்.

தோல் என்னும் முதற் பாடம்

சரீர சாஸ்திரத்தை எங்கேயிருந்து ஆரம்பிப்பது? புத்தகங்கள் அணுவிலிருந்தும் உயிரணுவிலிருந்தும் ஆரம்பிக்கின்றன. தாயில்பட்டிப் பெண்ணுக்கு நாம் தோலிலிருந்து ஆரம்பிப்போம். நெருப்பு முதலில் தொடுவது தோலைத்தான்.

தோல் வெறும் போர்வையன்று. அது ஓர் அவயவம். நம் தேகத்தின் அவயவங்களில் மிகப் பெரியதும் அதுவே. வளர்ந்த ஒருவரின் தோலை விரித்து அளந்தால் ஏறத்தாழ ஒன்றரை முதல் இரண்டு சதுர மீட்டர் இருக்கும். மேலே மெல்லிய மேல்தோல். அதன் கீழே இரத்தக் குழாய்களும், நரம்பு முனைகளும், வியர்வைச் சுரப்பிகளும், மயிர்க்கால்களும் குடியிருக்கும் உள்தோல். அதற்கும் கீழே கொழுப்புப் படலம். கிருமிகளை வெளியே நிறுத்துவது, உள்ளிருக்கும் நீரைக் காப்பது, உஷ்ணத்தைச் சமன்செய்வது, தொடுகையையும் வலியையும் மூளைக்கு அறிவிப்பது ஆகிய நான்கு உத்தியோகங்களையும் தோல் ஒன்றே பார்க்கிறது.

தீக்காயத்தின் ஆழத்தை அறிய இந்த அமைப்பு தெரிந்தால் போதும். மேல்தோல் மாத்திரம் வெந்தால் சிவந்து எரியும். உள்தோலின் ஒரு பகுதியும் வெந்தால் கொப்புளம் எழும்பி, வலி பொறுக்க முடியாது. உள்தோல் முழுவதும் வெந்துவிட்டால் அந்த இடம் வெளுத்தோ கருகியோ தோல் வாரைப்போல் விறைத்துப்போகும். அங்கே வலி தெரியாது. "வலிக்கவில்லை" என்று நோயாளி சொன்னால் வீட்டார் ஆறுதல் அடைகிறார்கள். தாதியோ அப்போதுதான் அதிகக் கவலை கொள்ள வேண்டும். வலியை அறிவிக்க வேண்டிய நரம்பு முனைகளே அங்கு எரிந்துபோயின என்பதல்லவா அதன் பொருள்?

அடுத்தபடி, காயம் எவ்வளவு பரந்திருக்கிறது என்ற கணக்கு. வளர்ந்தவர்களுக்கு இதை ஒன்பதின் வாய்பாடாகவே வைத்திருக்கிறார்கள். தலையும் கழுத்தும் சேர்ந்து 9 பங்கு, ஒவ்வொரு கையும் 9, மார்பும் வயிறும் 18, முதுகுப்புறம் 18, ஒவ்வொரு காலும் 18, மர்ம ஸ்தானம் 1. கூட்டிப் பாருங்கள், சரியாக 100 வரும். கைக்குழந்தைக்கு இந்த வாய்பாடு பொருந்தாது. அதன் தலை உடம்புக்கு ஒவ்வாமல் பெரிதாதலால் தலைக்கு மாத்திரம் ஏறக்குறைய 18 பங்கு வரும். சிறு சிறு காயங்களானால் நோயாளியின் விரல்கள் சேர்ந்த உள்ளங்கையையே அளவுகோலாகக் கொள்ளலாம். அது ஏறத்தாழ 1 பங்கு.

இந்தக் கணக்கு எதற்கு? இங்கேதான் உடலியங்கியல் பிரவேசிக்கிறது. பெரிய தீக்காயம் பட்டவுடன் உடம்பிலுள்ள மெல்லிய இரத்தக் குழாய்கள் கசியத் தொடங்குகின்றன. இரத்தத்தின் நீர்ப்பகுதி குழாயை விட்டு வெளியேறித் திசுக்களில் தேங்குகிறது. உடம்பு வீங்குகிறது; குழாய்க்குள்ளோ இரத்தம் குறைகிறது. இருக்கிற கொஞ்சத்தை வைத்துக்கொண்டு சமாளிக்க இருதயம் வேகமாக அடிக்கிறது. சிறுநீரகத்துக்குப் போதிய இரத்தம் போகாமல் சிறுநீர் சுருங்குகிறது. தீயில் தப்பியவர் இந்த வறட்சியில் மாண்டுபோவது உண்டு.

ஆகவே மருத்துவர்கள் உப்பு நீரை நரம்பு வழியே ஏற்றுகிறார்கள். அமெரிக்காவில் டல்லாஸ் நகரத்துப் பார்க்லண்ட் ஆஸ்பத்திரியில் சார்லஸ் பாக்ஸ்டர் என்பவர் 1960-களில் வகுத்த சூத்திரம் பெயர்பெற்றது. உடல் எடையின் ஒவ்வொரு கிலோவுக்கும், வெந்த ஒவ்வொரு பங்குக்கும் 4 மில்லி லிட்டர். 50 கிலோ எடையுள்ள ஒரு பெண்ணுக்கு 30 பங்கு வெந்திருந்தால், நான்கையும் ஐம்பதையும் முப்பதையும் பெருக்கி 6,000 மில்லி லிட்டர், அதாவது 6 லிட்டர். அதில் பாதி முதல் 8 மணி நேரத்திலும், மீதி அடுத்த 16 மணி நேரத்திலும் போகவேண்டும். அந்த 8 மணி நேரத்தை ஆஸ்பத்திரி வாசலில் நுழைந்த நேரத்திலிருந்து எண்ணக்கூடாது. தீப்பட்ட நேரத்திலிருந்து எண்ணவேண்டும்.

கணக்குப் போடுகிறவர் மருத்துவர். நோயாளியின் நிலைக்குத் தக்கபடி அதைக் கூட்டிக் குறைக்கிறவரும் அவரே. ஆனால் இரவு முழுவதும் படுக்கையருகே நின்று, மணிக்கு மணி சிறுநீரை அளந்து குறிக்கிறவள் தாதி. 50 கிலோ எடைக்கு மணிக்கு ஏறத்தாழ 25 மில்லி லிட்டராவது வரவேண்டும். அது குறைந்தால் உள்ளே என்ன நடக்கிறது என்று அறிந்தவள் உடனே மருத்துவரை எழுப்புவாள். அறியாதவள் எண்ணை மாத்திரம் எழுதி வைத்துவிட்டு நகர்ந்துவிடுவாள். மூக்கு மயிர் கருகி, குரல் கம்மியவரைப் பார்த்தாலும் அப்படித்தான். வெந்த குரல்வளை சிறிது நேரத்தில் வீங்கி மூச்சு வழியை அடைத்துவிடக்கூடும் என்பதை அறிந்தவள் ஒரு நிமிஷமும் தாமதிக்க மாட்டாள். அந்த ஒரு நிமிஷத்துக்காகத்தான் 120 மணி நேரப் படிப்பு.

வீட்டிலிருப்போர் அறிய வேண்டியதையும் இங்கேயே சொல்லிவிடுகிறோம். தீப்பட்ட இடத்தில் மை, பற்பசை, மாவு ஒன்றும் பூச வேண்டாம்; ஐஸ் கட்டியும் வேண்டாம். ஓடுகிற குளிர்ந்த நீரை 20 நிமிஷம் விடுங்கள். வளையல், மோதிரம் இவற்றை வீக்கம் வருவதற்கு முன்பே கழற்றுங்கள். வீங்கிய பிறகு அவையே இரத்த ஓட்டத்தைத் தடுக்கும் கட்டாகிவிடும். ஒட்டிக்கொண்ட துணியைப் பிய்க்காதீர்கள். சுத்தமான துணியால் மூடி, 108-ஐ அழையுங்கள்.

முற்றமும் சாவியும்

இனிப் பேத்தியின் கவலைக்கு வருவோம். பெயர்கள்!

இவற்றை ஆங்கிலப் பெயர்கள் என்று நம் பெண்கள் எண்ணி அஞ்சுகிறார்கள். உண்மையில் அவை பெரும்பாலும் லத்தீன், கிரேக்கப் பெயர்கள். லண்டனில் பிறந்த பெண்ணும் அவற்றை நெட்டுருப் போட்டுத்தான் தீரவேண்டும். அந்தப் பெயர்களின் தோலை உரித்துப் பார்த்தாலோ, உள்ளே இருப்பவை வீட்டுச் சாமான்கள்!

இருதயத்தின் மேலறைக்கு 'ஏட்ரியம்' என்று பெயர். ரோமாபுரியில் வீட்டு முற்றத்துக்கு அதுவே பெயர். வெளியிலிருந்து வந்த இரத்தம் முதலில் முற்றத்தில் நின்று, பிறகு உள்ளே போகிறது. இடுப்பெலும்புக் கூட்டுக்குப் பெயரான 'பெல்விஸ்' என்பது அகன்ற பாத்திரம். முழங்கால் சில்லுக்கு 'பட்டெல்லா', அதாவது சிறு தட்டு. கணுக்காலுக்கு மேலே செல்லும் பெரிய எலும்பு 'டிபியா', அதாவது புல்லாங்குழல். உட்செவியிலுள்ள 'காக்லியா' நத்தை. தோளுக்கும் நெஞ்சுக்கும் நடுவே கிடக்கும் 'கிளாவிக்கிள்' சிறு சாவி. அந்த எலும்பை நம்மவர்கள் காறை எலும்பு என்றார்கள். காறை என்பது பெண்கள் கழுத்தில் அணியும் ஆபரணம். ரோமானியன் அங்கே சாவியைக் கண்டான், தமிழன் நகையைக் கண்டான், எலும்பு ஒன்றுதான்.

வேறொரு பள்ளிக்கூடமும் ஊரிலே இருக்கிறது. சைவ உணவுக்கார நேயர்கள் மன்னிக்க வேண்டும். ஆட்டிறைச்சிக் கடையைத்தான் சொல்கிறோம். ஆட்டின் இருதயத்துக்கும் மனிதருடையதைப் போலவே நான்கு அறைகள். இரத்தம் குறைந்தவர்களுக்குக் கரிசல் சீமைப் பெண்கள் சுவரொட்டி வாங்கிச் சமைத்துக் கொடுக்கிறார்களே, அது மண்ணீரல். பழைய இரத்த அணுக்களை வடிகட்டி அழிக்கும் இடம். குழந்தைகள் உறிஞ்சும் நல்லி எலும்பின் உள்ளே இருப்பது மஜ்ஜை. புதிய இரத்த அணுக்கள் பிறக்கும் இடம் மஜ்ஜைதான். பாட்டிக்கு இவை எல்லாம் பெயரோடு தெரியும். பேத்தியின் புத்தகத்தில் அதே பொருள்கள் வேற்று வேஷத்தில் வந்திருக்கின்றன.

பெயர்களைத் துண்டாக்கிப் படிப்பதும் பெரும் உபாயம். 'நெஃப்ரோ' என்றால் சிறுநீரகம், 'ஹெப்பாட்டோ' என்றால் ஈரல், 'ஆர்த்ரோ' என்றால் மூட்டு என்று அறிந்துகொண்டு, 'ஐட்டிஸ்' என்ற வால் வந்தால் அழற்சி என்றும் அறிந்துகொண்டால், நெஃப்ரைட்டிஸ், ஹெப்படைட்டிஸ், ஆர்த்ரைட்டிஸ் மூன்றும் தாமே விளங்கிவிடும். நான்கு துண்டுகளைக் கற்று மூன்று நோய்களை அறிந்தோம்; நாற்பது துண்டுகளைக் கற்றால் பெரிய புத்தகமும் வழிவிடும்.

மானிப்பாயில் நடந்த காரியம்

'இவ்வளவு நுட்பமான சாஸ்திரத்தைத் தமிழில் சொல்ல முடியுமா?' என்று சந்தேகப்படுவோர் இன்றும் உண்டு. அவர்களுக்கு யாழ்ப்பாணத்து மானிப்பாயில் நடந்த ஒரு காரியத்தை நினைவூட்டுகிறோம்.

1847-ஆம் ஆண்டில் அமெரிக்க மிஷனைச் சேர்ந்த ஸாமுவேல் பிஸ்க் கிரீன் என்ற வைத்தியர் யாழ்ப்பாணம் வந்தார். அப்போது அவருக்கு வயது ஏறத்தாழ 25. மானிப்பாயில் வைத்தியசாலை நடத்திக்கொண்டே உள்ளூர் இளைஞர்களுக்கு மேல்நாட்டு வைத்தியம் கற்பித்தார். முதலில் ஆங்கிலத்தில் கற்பித்தவர், 1860-களில் தமிழிலேயே கற்பிக்கத் தொடங்கினார். ஆங்கிலத்தில் கற்றவர்கள் உத்தியோகம் தேடிப் பட்டணம் போய்விடுகிறார்கள், தமிழில் கற்றவர்களே கிராமத்தில் தங்குவார்கள் என்பது அவர் கண்ட உண்மை.

தமிழில் கற்பிக்கப் புத்தகம் வேண்டுமே? அதையும் தம் மாணாக்கர்களைக் கூட்டிக்கொண்டு செய்தார். உடற்கூறும் உடலியங்கியலும் சுகாதாரமும் சேர்ந்த கட்டர் என்பவரின் நூல் 1857-இல் தமிழில் வெளிவந்தது. 1858-இல் லண்டனில் முதன்முதலாக வெளியான கிரே என்பவரின் பெயர்பெற்ற உடற்கூற்று நூலை முதன்மையாகக் கொண்டு, 'மனுஷ அங்காதிபாதம்' 1872-இல் தமிழில் அச்சாயிற்று. 'மனுஷ சுகரணம்' என்ற உடலியங்கியல் நூல் 1883-இல் வந்தது. உடற்கூற்றுக்கு 'அங்காதிபாதம்' என்றும், உடலியங்கியலுக்குச் 'சுகரணம்' என்றும் பெயர் வைத்தார்கள். இன்று அந்தச் சொற்கள் வழக்கொழிந்திருக்கலாம். ஆனால் அந்நிய தேசத்திலிருந்து வந்த ஒருவர் நம் பாஷையின்மேல் வைத்த நம்பிக்கையை நாம் வைக்கத் தயங்குவது அழகா?

ஆங்கிலம் வேண்டாம் என்பது நம் கட்சியன்று. செவிலியர் பட்டப் படிப்பு ஆங்கிலத்தில் நடக்கிறது. மருந்துச் சீட்டும் நோயாளியின் குறிப்பேடும் ஆங்கிலத்தில் இருக்கின்றன. தாதி அவற்றைப் பிழையின்றிப் படிக்கவேண்டும்; ஓர் எழுத்துப் பிழையில் உயிர் போகலாம். ஆனால் அறிவு முதலில் தாய்மொழியில் மனத்தில் இறங்கட்டும். பிறகு ஆங்கிலப் பெயரை அதன்மேல் ஒட்டிக்கொள்ளலாம். நம் மேல்நிலைப் பள்ளிகளில் தொழிற்கல்விப் பிரிவில் செவிலியம் தமிழிலேயே கற்பிக்கப்படுகிறது. பதினோராம் வகுப்பு விலங்கியலில் இருதயமும் சிறுநீரகமும் நரம்பும் தமிழில் வந்துவிடுகின்றன. அங்கே கற்றவளுக்குக் கல்லூரி வாசலில் தேவைப்படுவது ஒரு கைப்பாலமே. வலப்புறம் தமிழும் இடப்புறம் ஆங்கிலமுமாக ஒரு சிறு புத்தகம். முதல் சில வாரங்களில் ஐயத்தைத் தமிழில் கேட்டால் சினக்காத ஓர் ஆசிரியை. இவை பெரும் பொருட்செலவான காரியங்கள் அல்ல.

நம் மாகாணம் இந்தத் துறையில் பின்தங்கியதும் அன்று. சென்னை ஜெனரல் ஆஸ்பத்திரியில் 1871-ஆம் ஆண்டிலேயே தாதிகளுக்குப் பயிற்சி தொடங்கிவிட்டது. டாக்டர் ஐடா ஸ்கடர் வேலூரில் 1909-இல் தாதிப் பள்ளி கண்டார். 1946-இல் அங்கே பட்டப் படிப்பே ஆரம்பமாயிற்று. தாதித் தொழிலைக் கௌரவக் குறைவாக எண்ணிய அந்தக் காலத்தில் துணிந்து முன்வந்த பெண்கள் திறந்த வழியில்தான் இன்று நம் கிராமத்துப் பெண்கள் நடக்கிறார்கள். 2022-ஆம் ஆண்டு ஜனவரியில் விருதுநகரிலேயே அரசாங்க மருத்துவக் கல்லூரி திறக்கப்பட்டது. மருத்துவம் கரிசல் பூமிக்கு அருகில் வந்துவிட்டது. கரிசல் பூமியின் பெண்கள் அதற்குள் நுழைய வேண்டியதுதான் பாக்கி.

நிற்க. திண்ணையில் விட்டுவந்த பெண்ணை மறந்துவிடவில்லை. சாவி, தட்டு, புல்லாங்குழல் என்று நாம் சொல்லிக்கொண்டு வரும்போது அவள் தன் தோளிலும் முழங்காலிலும் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள். பிறகு பாட்டியின் மணிக்கட்டைப் பிடித்து, கட்டை விரலின் பக்கமாக நாடியைத் தேடிக் கண்டுபிடித்து, சுவர்க் கடியாரத்தைப் பார்த்தபடி எண்ணத் தொடங்கினாள்.

"எழுபத்தி ரெண்டு" என்றாள், ஒரு நிமிஷம் கழித்து.

"நல்லதா, கெட்டதா?" என்று பாட்டி கேட்டாள்.

"நல்லதுதான், பாட்டி."

அந்த நேரத்தில் ஆலை வண்டி வந்து தெருமுனையில் நின்றது. தாயார் இறங்கி வந்தார். கை நகங்களில் அலுமினியத் தூளின் வெள்ளி நிறம் ஒட்டிக்கொண்டிருந்தது. அந்தக் கைகள் கலக்கும் மருந்தால்தான் மகளின் படிப்புச் செலவு நடக்கிறது. மகள் படிக்கப்போகும் மருந்தோ வேறு. அந்தக் கைகளுக்கு ஒரு நாளும் அது தேவைப்படாதிருக்கட்டும். தேவைப்பட்டால், அருகே நிற்கிறவள் அறிந்தவளாக இருக்கட்டும்.